ரோசாவும் கனடாக் குளிரும்: கேள்வி பதில்

ஸ்காபரோவிலிருந்து: அக்கா, ஒக்டோபர் பிறந்துவிட்டது. ரோசாக்களை இப்போதே மூடிவிடலாமா?

வேண்டாம் தம்பி. நாம் மூடுவது செடிக்குச் சூடு கொடுக்க அல்ல. உறைந்த செடி வசந்தம் வரை உறைந்தபடியே கிடக்கத்தான். ரொறன்ரோவில் ஜனவரியில்கூட ஒரு நாள் பனி உருகி ஓடும், இரண்டு நாளில் மைனஸ் 15 பாகைக்கு இறங்கும். இப்படி உருகுவதும் மறுபடி உறைவதும்தான் தண்டைப் பிளந்து கொல்கிறது. முன்கூட்டியே மூடினால் செடி உறக்கத்துக்குப் போகாது. பூஞ்சணம் பிடிக்கும், சருகுக்குள் எலி குடியேறும்.

சில இரவுகள் கடுமையாக உறையட்டும். பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியில், செடியின் அடியைச் சுற்றி 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மண் அணையுங்கள். அந்த மண்ணைச் செடியின் அடியிலிருந்தே சுரண்டினால் வேர் வெளியே வந்துவிடும். வேறு பாத்தியிலிருந்து கொண்டுவாருங்கள். அணைத்த மண்ணும் உறைந்த பிறகு மேலே சருகு போடலாம். அதன்மேல் விழும் பனியை வழித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல போர்வை கிடையாது. ஆனால் உப்புத் தூவிய நடைபாதைப் பனியைப் பாத்திக்குள் தள்ளவே கூடாது.

இன்னொன்று, நிலம் உறைவதற்கு முன் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். உறைந்த நிலத்திலிருந்து வேர் நீர் எடுக்க முடியாது. காற்றோ தண்டை உலர்த்திக்கொண்டே இருக்கும்.

மார்க்கம்: ரோசாவை மூட விற்கும் வெள்ளை ரெஜிபோம் கூம்புகள் நல்லவையா?

எனக்குப் பிடிக்காது. வெயில் நாளில் உள்ளே சூடேறி, மொட்டு விழித்துக்கொள்ளும். வாங்கிவிட்டீர்கள் என்றால் உச்சியில் காற்றுத் துளை இட்டு, உள்ளே மண்ணும் அணையுங்கள்.

பிரம்டன்: இளஞ்சிவப்பு ரோசா நட்டேன். இந்த வருடம் அடர்சிவப்பில் சிறிய பூக்கள், ஒரே ஒரு முறை பூத்து நின்றுவிட்டது. ஏன்?

உங்கள் ரோசா குளிரில் இறந்துவிட்டது, அக்கா. இப்போது தழைத்திருப்பது கீழே இருந்த ஒட்டுக்கட்டை, அதாவது உங்கள் ரோசாவை எதன்மேல் ஒட்டியிருந்தார்களோ அந்த வேர்ச்செடி. வட அமெரிக்காவில் அதற்கு அதிகம் பயன்படும் டாக்டர் ஹ்யூயி என்ற ரோசா இப்படித்தான் பூக்கும். ஊரில் ஒட்டிய இடத்தை மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவோம். இங்கே அது 5 முதல் 10 செ.மீ. மண்ணுக்குள் இருக்க வேண்டும். அடுத்த கன்றை அப்படி நடுங்கள்.

வின்னிபெக்: இவ்வளவு பாடுபடாமல் இங்கே ரோசா வளர்க்க வழி உண்டா?

உண்டு, தங்கச்சி. ஹைபிரிட் டீ எனும், குளிர் தாங்காத பெரும்பூ ரோசா வகைகளை விடுங்கள். ஒட்டாவாவில் அரசு வேளாண் ஆய்வாளர் பெலிசிட்டாஸ் ஸ்வெய்டா உருவாக்கிய எக்ஸ்புளோரர் வரிசையும், உங்கள் மனிடோபாவின் மோர்டன் ஆய்வு நிலையத்துப் பார்க்லண்ட் வரிசையும் இந்தக் குளிருக்கென்றே பிறந்தவை. எக்ஸ்புளோரர் வரிசையில் 1983இல் வந்த வில்லியம் பாஃபின் என்ற ரகம் கொடிபோல ஏறும். ஒட்டுப் போடாமல் சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். தண்டு முழுவதும் கருகினாலும் அடியிலிருந்து அதே பூவே திரும்பி வரும். இந்த மண்ணுக்குப் பொருந்திய செடியைத் தேர்வது தோல்வி அல்ல, நல்ல தோட்டக்கலை.

மொன்றியல்: தொட்டிச் செடி?

இலை உதிர்ந்ததும் சூடேற்றாத கராஜுக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை சிறிது தண்ணீர். வீட்டுக்குள் வேண்டாம்.

அஜாக்ஸ்: பசளையை எப்போது நிறுத்துவது? மண்ணை எப்போது விலக்குவது?

முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே தழைச்சத்தை நிறுத்துங்கள். செப்டெம்பரில் வாடிய பூவையும் வெட்ட வேண்டாம். காய் பிடித்தால் செடி ஓய்வுக்குத் தயாராகும். வசந்தத்தில் மஞ்சள் பூப் புதரான போர்சித்தியா பூக்கும்போது மண்ணை மெல்ல விலக்கி, தண்டின் உள் சோறு வெண்மையாகத் தெரியும் இடம் வரை வெட்டுங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போங்கள்.