இலுப்பை வைத்தால் வௌவால் வருமே?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வயலும், அதையொட்டி ஒரு மேட்டுத் திடலும் இருக்கின்றன. திடலில் கொஞ்சம் கொய்யா வைத்திருக்கிறேன். ஊரில் மிச்சமிருந்த பெரிய இலுப்பையும் புயலில் சாய்ந்துவிட்டது. நாமே ஒன்றிரண்டு வளர்க்கலாமே என்று, எடுத்துவைத்திருந்த விதையைத் தை மாதம் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மரம் வந்தால் வௌவாலும் வந்து கொய்யாவை அழித்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வைக்கலாமா, வேண்டாமா?

பதில்: தாராளமாக வையுங்கள் ஐயா. விதை முளைக்காததற்குக் காரணம், அதை எடுத்துவைத்ததுதான். இலுப்பை விதையை நெல், உளுந்து போலக் காயவைத்துச் சேமிக்க முடியாது. ஈரம் வற்றினால் முளைக்கரு செத்துப்போகும். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போதே பொறுக்கி, சதையைக் கழுவி, அந்த வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். விதைக்கு வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் மாவட்டத்து இலுப்பைப்பட்டுக் கோயிலுக்குத் தலமரமே இலுப்பைதான். பழைய குளக்கரைகளிலும் விசாரியுங்கள்.

ஆணிவேர் வேகமாக இறங்கும் மரம் இது. சின்னப் பையில் நாள்கணக்காக வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும். அதனால் நிரந்தர இடத்திலேயே குழிக்கு இரண்டு மூன்று விதை ஊன்றி, நன்றாக வருவதை மட்டும் விடுவது என் கட்சி. விரல்கடை ஆழம் போதும். மழைநீர் தேங்கும் இடம் ஆகாது, திடல்தான் சரி. மரத்துக்கு மரம் முப்பது அடியாவது வேண்டும். வயலுக்கு வடக்கே அமைந்தால் இன்னும் நல்லது. சம்பா நிற்கும் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் பயிர் மேல் விழாது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர், ஆடு மாடு தொடாமல் முள்வேலி, அவ்வளவுதான். பூக்கப் பத்து வருடம்போல ஆகும். அவசரக்காரருக்கான மரமல்ல.

இனி வௌவால். பங்குனி, சித்திரையில் இலையை உதிர்த்துவிட்டு இலுப்பை பூக்கும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்றார்களே, அந்த இனிப்பு முழுவதும் சதைப்பற்றான அல்லியில், அதாவது பூவிதழில் இருக்கிறது. பழந்தின்னி வௌவால் இரவில் வந்து அல்லியைக் கவ்வி இழுக்கும்போது முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. பிறகு பழத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தில் தொங்கியபடி சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடுகிறது. மகரந்தம் சேர்க்கவும் விதை பரப்பவும் இந்த மரத்துக்கு வௌவால் வேண்டும். விடிந்ததும் மிச்சப் பூவுக்குக் கிளி, மைனா, அணில் எல்லாம் வரும். மரம் முதிர்ந்து பொந்து விழுந்தால் கூகையும் புள்ளி ஆந்தையும் குடியேறும். நெல்லுக்குப் பக்கத்தில் கூகை இருந்தால் எலித் தொல்லை எவ்வளவு குறையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்ட கிளை, பொந்து என்று வெட்டித் தள்ளாதீர்கள். ஆள் நடமாடும் இடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் எடுங்கள்.

வீட்டார் பயத்திலும் நியாயம் உண்டு. வௌவால் கொய்யாவைத் தொடத்தான் செய்யும், இலுப்பை இல்லாவிட்டாலும் வரும். பழுக்கும் பருவத்தில் பழங்களுக்குப் பை கட்டுங்கள், அல்லது செங்காயிலேயே பறித்துவிடுங்கள். வலை போட்டால் இறுக்கிக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கினால் வௌவாலும் பறவையும் சிக்கிச் சாகும். கடிபட்ட பழத்தை நீங்களும் தின்ன வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம்.

இலுப்பைக்குப் பெரிய எதிரி, கிளையில் ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடியான புல்லுருவி. அதன் பழத்தைத் தின்னும் பூங்கொத்திக் குருவி ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். இளமரத்தில் கண்டவுடன், ஒட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கிளையோடு சேர்த்து நறுக்குங்கள்.

பின்னாளில் கொட்டையைச் செக்கில் ஆட்டினால் விளக்கு எரிக்கும் எண்ணெய்க்குச் செலவில்லை. பிண்ணாக்கை மட்டும் மீன் வளர்க்கும் குளத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மீன் செத்து மிதக்கும்.