எண்ணெயை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி நடக்கிறது. புற்றுநோய் செல்கள் கொழுப்பைத் தின்றுதான் வளர்கின்றன என்று படித்ததிலிருந்து, ஒரு மாதமாக எண்ணெயே இல்லாமல் சமைத்துக் கொடுக்கிறேன். 4 கிலோ குறைந்துவிட்டார். உடல் எடையைக் குறைக்கக் கொடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரையும் நல்லது என்கிறார்களே, கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். எண்ணெயை இன்றைக்கே திரும்பச் சேருங்கள். எடை குறைந்ததை அடுத்த கீமோ வரை வைத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல கீமோ மருந்துகளின் அளவு நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடப்படுகிறது.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிதாகச் சவ்வு வேண்டும். அதைக் கட்டக் கொழுப்பு அமிலங்கள் வேண்டும். நம் உடலின் பெரும்பாலான செல்கள் அவற்றை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பல புற்றுநோய் செல்களோ, இரத்தத்தில் கொழுப்பு தாராளமாக இருந்தாலும், குளுக்கோஸ் போன்றவற்றிலிருந்து தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற நொதி இந்த வேலையைச் செய்து, 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. சமையலில் எண்ணெயை நிறுத்தினால் இந்த உற்பத்தி நின்றுவிடாது. அதோடு, சாப்பாடு போதாதபோது உடல் தன் கொழுப்புத் திசுவைக் கரைத்து இரத்தத்தில் விடும், தசையையும் கரைக்கும். அம்மா இழந்த 4 கிலோவில் தசையும் இருக்கக்கூடும் என்பதுதான் என் கவலை.

உணவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். 2017இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், கொழுப்பை உள்ளிழுக்கும் சிடி36 என்ற புரதம் மிகுந்த செல்கள்தான் எலிகளில் நோயை மற்ற இடங்களுக்குப் பரப்புகின்றன என்றும், கொழுப்பு மிகுந்த தீனி அதைக் கூட்டுகிறது என்றும் காட்டினார்கள். முக்கியமான ஆய்வுதான். ஆனால் கீமோவில் இருப்பவருக்கு எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்லும் சான்று அதில் இல்லை.

சரி, ஆர்லிஸ்டாட். ஆய்வகத் தட்டில் இது மேலே சொன்ன நொதியைத் தடுப்பது உண்மை. அந்தச் செய்திதான் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஆனால் விழுங்கும் ஆர்லிஸ்டாட் குடலிலேயே தங்கிவிடும். இரத்தத்தில் மிக மிகக் குறைவாகவே சேரும் என்பதால் கட்டியைப் போய்ச் சேராது. அது செய்வதெல்லாம், சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை மலத்தோடு வெளியேற்றுவதுதான். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதும் குறையும். கீமோவோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அம்மா தாங்க மாட்டார்.

அந்த நொதியை உடலுக்குள் சென்று தடுக்கும் மருந்துகள் தனி. டெனிஃபான்ஸ்டாட் என்பது புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்கை, பாதத்தில் தோல் உரிவதும் கண் உலர்வதும் பக்கவிளைவாக வந்தன. உற்பத்தியை அடைத்தால் செல் வெளியிலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்ளவும் கூடும். அதனால்தான் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மார்பகப் புற்றுநோயின் வழக்கமான சிகிச்சையில் இவை இன்னும் இடம்பெறவில்லை. இப்படிப் புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு ஏதாவது அம்மாவுக்குப் பொருந்தும்படி நடக்கிறதா என்று அவருடைய மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

அப்புறம், உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். பொதுவாக இந்த நிலையில் எடையில் கிலோவுக்கு தினமும் 25 முதல் 30 கலோரியும், குறைந்தது 1 கிராம் புரதமும் தேவை. ஒரே வேளையில் இறங்காவிட்டால் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்து, அந்தக் குறிப்பை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.