ரவுட்டரில் 100.72.18.5, ‘என் ஐபி என்ன’ தளத்தில் வேறொரு எண். எது என் உண்மையான ஐபி? போர்ட் ஃபார்வர்டிங் ஏன் வேலை செய்யவில்லை?

வீட்டு ஃபைபர் இணைப்பில் சிசிடிவி டிவிஆரை (கேமரா பதிவுப் பெட்டியை) வெளியூரிலிருந்து பார்க்க 8000, 554 போர்ட்டுகளை ஃபார்வர்டு செய்திருக்கிறீர்கள், அதாவது வெளியிலிருந்து அந்த எண்களுக்கு வருவதை டிவிஆருக்கு அனுப்பும்படி ரவுட்டரில் விதி எழுதியிருக்கிறீர்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’ (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) 100.72.18.5 என்று இருக்கிறது. ஐபி காட்டும் தளத்தில் வேறு எண் வருகிறது. அதை இங்கே 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டில் எதுவும் உங்களுக்கென்று கொடுத்த பொது முகவரி இல்லை. முதலாவது உங்கள் இணைய நிறுவனத்தின் உள்வட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண். இரண்டாவது பொது எண்தான், ஆனால் அதே நேரத்தில் இன்னும் பல சந்தாதாரர்களும் அதன் வழியாகத்தான் வெளியே போகிறார்கள். ரவுட்டரில் எத்தனை முறை விதியை மாற்றி எழுதினாலும் பலன் இருக்காது.

காரணம் எண்களின் பற்றாக்குறை. ஐபிவி4 (இங்கே பார்க்கும் நான்கு எண் வகை) முகவரி 32 பிட்; மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்து கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. இந்தத் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்துதான் 1994-லேயே மூன்று தொகுதிகளைத் தனியார் (பிரைவேட்) பயன்பாட்டுக்கு ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்கும் எல்லாம் (சுமார் 1.68 கோடி எண்கள்), 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை (சுமார் 10.5 லட்சம்), 192.168 என்று தொடங்கும் எல்லாம் (65,536). இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். இணையத்தின் முதுகெலும்பு ரவுட்டர்கள் இவற்றுக்கு வழி வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ‘பிரைவேட்’ என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

இதில் நடுத்தொகுதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 172 என்று தொடங்குவதெல்லாம் பிரைவேட் இல்லை. இரண்டாவது எண் 16 முதல் 31 வரை இருந்தால் மட்டுமே பிரைவேட். 172.217 கூகுளின் பொது முகவரி. ஃபயர்வாலில் 172-ஐ மொத்தமாகத் தடுத்துவிட்டு, “ஜிமெயில் திடீரென்று வரவில்லை” என்று புலம்புவது இப்படித்தான் வருகிறது.

உங்களுக்கு வந்திருக்கும் 100.72 நான்காவது வகை. 2012 ஏப்ரலில் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை, சுமார் 42 லட்சம் எண்களை, இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளத் தனியாக ஒதுக்கினார்கள். 10 தொகுதியையே கொடுத்திருக்கலாமே என்றால், வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளும் 10 தொகுதி ஓடலாம். ரவுட்டரின் இரு பக்கமும் ஒரே வரம்பு இருந்தால் எந்தப் பாக்கெட்டை (தரவுத் துண்டை) எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் தனித் தொகுதி.

இந்த ஏற்பாட்டுக்கு சிஜி-நேட் என்று பெயர். உங்கள் ரவுட்டர் ஒரு முறை முகவரியை மாற்றுகிறது, நிறுவனத்தின் பெரிய கருவி இன்னொரு முறை மாற்றுகிறது. ஒரு பொது ஐபிக்கு இருக்கும் 65,536 போர்ட்டுகளைச் சந்தாதாரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். நீங்கள் உள்ளிருந்து இணைப்பைத் தொடங்கினால் அந்தக் கருவியின் அட்டவணையில் ஒரு வரி பதிவாகும். பதில் அந்த வரியைப் பார்த்துத் திரும்பி வரும். வெளியிலிருந்து யாராவது 203.0.113.45-இன் 8000-ஐத் தட்டினால் அட்டவணையில் அப்படி ஒரு வரியே இல்லை, பாக்கெட் அங்கேயே விழுந்துவிடும். உங்கள் ரவுட்டரில் இருக்கும் விதி சரியாகவே இருக்கலாம். அதை யாரும் கேட்கவே இல்லை. டிவிஆர் நிறுவனத்தின் செயலியில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தால் மட்டும் படம் வருவதற்கும் இதுவே காரணம்: அங்கே டிவிஆர்தான் முதலில் வெளியே போய் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிடுகிறது. டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரு பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) போட்டாலும் பயனில்லை, பெயர் போய் நிற்பது அந்தப் பொதுக் கருவியின் வாசலில்தான்.

சோதிக்கும்போது விபிஎன் (இணையத்தின் வழியே போடும் தனிச் சுரங்கப்பாதை) இருந்தால் அதை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு, ரவுட்டரின் வான் ஐபியையும் தளம் காட்டும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பொது ஐபி இருக்கிறது. வான் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் சிஜி-நேட். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதேதான், சில நிறுவனங்கள் பழைய முறையையே வைத்திருக்கின்றன. 192.168 என்று வந்தால் முதலில் நிறுவனத்தைத் திட்ட வேண்டாம்: அவர்கள் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் உங்களுடையது இரண்டாவது. பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்றச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரை வெறும் ஆக்ஸஸ் பாயின்டாக (வைஃபை மட்டும் தரும் கருவியாக) மாற்றுங்கள். டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) ஓட்டி இரண்டாவது வரியில் 10 தொகுதி எண் வந்ததை வைத்து மட்டும் சிஜி-நேட் என்று முடிவு கட்டாதீர்கள். பொது ஐபி கொடுக்கும் நிறுவனங்களின் நடு ரவுட்டர்களும் உள் எண்களைக் காட்டலாம்.

பொது ஐபி கிடைத்த பிறகும் விதி வேலை செய்யவில்லை என்றால், வீட்டுக்குள்ளிருந்தே சோதிக்கிறீர்களா என்று பாருங்கள். உள்ளிருந்து தன் பொது ஐபிக்கே போய்த் திரும்புவதைப் பல ரவுட்டர்கள் ஆதரிப்பதில்லை. மொபைல் டேட்டாவிலிருந்து முயலுங்கள். டிவிஆரின் உள் எண் மாறிவிட்டதா என்பதும் அடுத்த சந்தேகம். டிஎச்சிபி (வீட்டுச் சாதனங்களுக்கு ரவுட்டர் எண் கொடுக்கும் முறை) பட்டியலில் அதன் மேக் முகவரிக்கு (சாதனத்தின் வன்பொருள் எண்ணுக்கு) ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

தீர்வு என்று வந்தால், நிறுவனத்திடம் பொது ஐபி கேட்பது நேர்வழி. பெரும்பாலும் ‘ஸ்டேடிக் ஐபி’ என்ற பெயரில் மாதக் கட்டணத்தோடு தருவார்கள். மாறாத எண் உங்களுக்குத் தேவையில்லை, பொது எண்ணாக இருந்தாலே டைனமிக் டிஎன்எஸ் மீதியைப் பார்த்துக்கொள்ளும்; ஆனால் வாடிக்கையாளர் சேவையில் அந்த வேறுபாட்டைப் புரியவைப்பது சிரமம், ஸ்டேடிக் என்றே கேளுங்கள். ஐபிவி6 (எண் பற்றாக்குறை இல்லாத புதிய முகவரி முறை) இருந்தால் டிவிஆருக்கே தனிப் பொது முகவரி கிடைக்கும். ஃபார்வர்டிங் தேவையில்லை, ஃபயர்வாலில் அனுமதி போதும். பார்க்கும் போனிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியைக் கொண்டு முயலாதீர்கள், அது அந்த வயரைத் தாண்டாது.

என்னைக் கேட்டால், பொது ஐபி இருந்தாலும் டிவிஆர் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்க மாட்டேன். பழைய ஃபர்ம்வேரும் மாற்றாத கடவுச்சொல்லும் இருக்கும் டிவிஆர்களைத் தேடி இயந்திரங்கள் இணையத்தைச் சல்லடை போட்டுக்கொண்டே இருக்கின்றன. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கணினியில் போட்டு, டிவிஆர் இருக்கும் உள் வரம்பை அதன் வழியாகக் காட்டினால் சிஜி-நேட்டைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரே ஒரு விஷயம்: டெயில்ஸ்கேலும் தன் சாதனங்களுக்கு அதே 100.64 தொகுதியிலிருந்துதான் எண் கொடுக்கும். போனில் 100 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மற்ற சிறப்பு எண்களைக் கண்டால் என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் 169.254 என்று வந்தால் டிஎச்சிபி பதில் தரவில்லை, கணினி தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டது. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள். 127 என்று தொடங்கும் சுமார் 1.68 கோடி எண்களும் அந்தக் கணினிக்குள்ளேயே சுற்றுபவை. ஒரு சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் பக்கத்துக் கணினிக்குக்கூடத் தெரியாது, 0.0.0.0 என்று மாற்றினால் எல்லா இடைமுகத்திலும் (நெட்வொர்க் இணைப்பிலும்) கேட்கும். ஐபிவி6 மட்டும் உள்ள மொபைல் நெட்வொர்க்கில் ஆண்ட்ராய்டு போன் 192.0.0.4 காட்டினால் பழுதில்லை, பழைய செயலிகளுக்காகப் போனுக்குள் நடக்கும் மொழிபெயர்ப்பு அது. நான் மேலே எழுதிய 203.0.113 தொகுதியும் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கியது. யாருடைய உண்மை முகவரியும் இல்லை.

கடைசியாக, வீட்டுக்குள் எந்த வரம்பு? 192.168.0, 192.168.1 இரண்டையும் விட்டுவிடுங்கள். அலுவலகத்திலும் அதே வரம்பு இருந்தால் விபிஎன்னில் நுழைந்த பிறகு அங்கே இருக்கும் 192.168.1.20-ஐத் தேடும் கணினி உங்கள் வீட்டு அச்சு இயந்திரத்தைப் போய்த் தட்டும். டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) இயல்பாகவே 172.17 தொகுதியை எடுத்துக்கொள்வதால் அதையும் தவிருங்கள். 10.83.47 அல்லது 192.168.173 மாதிரி யாருக்கும் தோன்றாத ஒன்றை எடுங்கள். சொந்தமாக ‘அழகான’ எண்ணைக் கண்டுபிடிக்க மட்டும் வேண்டாம். 1.1.1.1-ஐ யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து எத்தனையோ வைஃபை அமைப்புகளில் உள் முகவரியாக வைத்திருந்தார்கள். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் அதே எண்ணில் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும்) சேவையைத் தொடங்கியதும், அந்த இடங்களிலிருந்து அந்தச் சேவையை எட்ட முடியாமல் போனது.