ஸ்டூடியோ இல்லாத ஊரில் முதல் ஆல்பம் செய்ய முடியுமா?

கேள்வி: நான் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறேன். ஸ்டூடியோ வாடகை கட்டுப்படியாகாது. வீட்டிலேயே முழு ஆல்பத்தையும் பதிவு செய்தால் கேட்கும்படி இருக்குமா?

இருக்கும். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை ஹெட்போன் மாட்டி ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

'வென் வி ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டு வி கோ?' என்ற அந்த ஆல்பம் 2019 மார்ச் 29 அன்று வந்தது. அப்போது அவருக்கு 17 வயது. கூடச் சேர்ந்து பாட்டெழுதி, இசையமைத்துப் பதிவு செய்தவர் அண்ணன் ஃபினியஸ், அவருக்கு 21. லாஸ் ஏஞ்சலிஸில் ஹைலண்ட் பார்க் என்ற பகுதியில் அவர்கள் வளர்ந்த சின்ன வீட்டில் இரண்டே படுக்கையறைகள். அவற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் கூடத்தில் படுத்தார்கள். அண்ணன் அறையில், அவர் கட்டிலில் உட்கார்ந்துதான் தங்கை பாடினார். அடுத்த ஜனவரியில், அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியில் முக்கியமான நான்கு விருதுகளும் ஒரே இரவில் அவருக்குக் கிடைத்தன. அதற்கு முன் அப்படி வாங்கியவர் பாடகர் கிறிஸ்டோபர் கிராஸ் ஒருவர்தான், 1981இல்.

இதை நான் விருதுக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு அண்ணன், ஒரு தங்கை. நாங்கள் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. தங்கச்சி பாடுவாள், நான் பதிவு செய்வேன். அந்த ஆல்பம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அப்பா சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். மணிக்கணக்கில் வாடகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சத்தமா பாடும்மா" என்று நாலு தடவை சொன்னார். அவள் தொண்டை இறுகிவிட்டது. அப்புறம் அந்தக் குரலைக் கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்கி, எதிரொலி போட்டு, பளபளப்பாக ஒரு ஃபைல் கொடுத்தார். வீட்டில் போட்டுக் காட்டியதும் அம்மா கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு, யாரு பாடுறா?"

அந்த வருத்தத்தோடு இருந்தபோதுதான் பில்லியின் ஆல்பம் காதில் விழுந்தது. அதில் பெரும்பாலும் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. காதோரம் வந்து ரகசியம் சொல்வது மாதிரி, மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. சின்ன அறையில் உரக்கப் பாடினால் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்து, அதுவும் மைக்கில் ஏறி, டப்பாவுக்குள் இருந்து பாடுவது போலாகிவிடும். வாயை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தணிவாகப் பாடும்போது குரல்தான் முன்னால் நிற்கும், அறை பின்னால் போய்விடும். லைன் வீட்டில் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டு அக்கா காலையில் கொழுந்தெடுக்கப் போக வேண்டும், தூங்கிவிடுவார். அதனால் என் தங்கச்சி ராத்திரியில் எப்போதும் அடங்கிய குரலில்தான் பாடிப் பழகியிருந்தாள். அதை ஒரு குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகுதான் அதுவே அவள் குரல் என்று எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் அதில் கற்றுக்கொண்டோம். ஆல்பத்தின் முதல் சில விநாடிகளில் பாட்டே இல்லை. பல் சீரமைக்கும் கவசத்தைப் பில்லி கழற்றும் சத்தமும் சிரிப்பும்தான். ஒரு பாட்டில் பல் டாக்டரின் துளைக்கும் கருவி, இன்னொன்றில் சிட்னியில் சாலை கடக்கும் இடத்தில் அடிக்கும் சிக்னல் டிக் டிக். அவர்களைச் சுற்றி இருந்தவைதான் எல்லாம். நாங்கள் கொழுந்து வெட்டும் கத்தரியைப் போனில் பதிவு செய்து தாளமாக வைத்தோம். விலைக்கு வாங்கும் எந்த டிரம் ஒலியும் எனக்கு அந்த அளவுக்குப் பிடித்ததில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பதிவுதான் படுக்கையறையில் நடந்தது. குரலையும் இசையையும் அளவு பார்த்துக் கலந்து மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சரிசெய்யும் மாஸ்டரிங் வேலை ஜான் கிரீனம், இருவரும் தொழில் தெரிந்தவர்கள். பின்னால் பெரிய இசை நிறுவனமும் இருந்தது. அண்ணனும் தங்கையும் இணையத்தில் கவனம் பெற்ற முதல் பாட்டு 2015 நவம்பரிலேயே வந்துவிட்டது. அங்கிருந்து இந்த ஆல்பத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல். ஆகவே கையில் கொஞ்சம் காசு இருந்தால் பாடுவதற்கு வாடகை கொடுக்காதீர்கள், மிக்ஸ் செய்ய ஒரு நல்ல ஆளுக்குக் கொடுங்கள். நாங்கள் இதுவரை நாலு பாட்டு முடித்திருக்கிறோம், அப்படித்தான்.

மற்றபடி, நம்ம மலையில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. கனமாக இரண்டைப் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டினால் போதாது. ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் என்றால் ஈரம்தான் எதிரி. மூடுபனி நாளில் வெளியே வைத்தால் படபடவென்று சத்தம் போடும். வேலை முடிந்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். இதை ஒரு மைக்கைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் மழை. கோத்தகிரியில் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் தொல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தகரக் கூரைக்கடியில் மைக்கைத் தொடவே முடியாது. கூடலூரில் ஜூனிலிருந்தே கொட்டும். அந்த மாதங்களில் உட்கார்ந்து எழுதுங்கள், மெட்டுப் போடுங்கள். பதிவை ஜனவரியில், ராத்திரி பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பனி இறங்கிய பிறகு வெளியே ஒரு இலைகூட அசையாது.