பழைய பென்ஸ் வாங்கிக் குன்னூரில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்குக் குடிவரப் போகிறார். 2005-ஆம் வருட பென்ஸ் ஈ கிளாஸ் ஒன்று மூன்று லட்சத்துக்கு வருகிறதாம், வாங்கலாமா, மலையில் தாக்குப்பிடிக்குமா என்று கேட்கிறார். கீழே ஏற்கெனவே நாலு பேர் "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவர்கூட யானை வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நான் வைத்திருக்கிறேன்.

என்னுடையது 1996 மாடல் ஈ 250 டீசல், ஐந்து சிலிண்டர், கையால் மாற்றும் கியர். 1995-ல் புனேயில் பென்ஸ் கார் செய்ய ஆரம்பித்தபோது முதலில் வந்த மாடல் இதுதான், டபிள்யூ 124 என்பார்கள், முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர் இருக்கும். 2011-ல் இங்கே ஒரு எஸ்டேட் பங்களாவில் ஷெட்டுக்குள் கிடந்ததை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வாங்கினேன். நான் பணக்காரன் இல்லை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "உங்களுக்கு என்ன சார், காசு இருக்கு" என்று யாராவது வருவார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முடியும். ஆனால் மூன்று லட்சத்துக்கு வாங்கினால் இன்னொரு மூன்று லட்சம் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும். காரின் விலைதான் குறைந்திருக்கிறது, அதன் ஸ்பேர் விலை குறையவில்லை. 2005-ல் நாற்பது லட்சம் கொடுத்தவர் வாங்கிய அதே பம்பைத்தான் நீங்களும் வாங்க வேண்டும்.

அப்புறம், மலையில் பழைய காரை முடித்துக் கட்டுவது பெரிய சாமான்கள் இல்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடும். சில நூறு ரூபாய்ச் சாமான்களைத் தள்ளிப்போடுவதுதான் வம்பு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே தள்ளிப்போட்டவன்.

2016 ஜூலை. மாமியாரைக் கோபிச்செட்டிபாளையத்தில் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். குன்னூர் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் வழக்கம்போல இரண்டாவது கியரில் போட்டேன். டீசல் எஞ்சின், பழசு, சத்தம் போடத்தான் செய்யும். பின்சீட்டிலிருந்து அத்தை, "ஏனுங்க மாப்ள, வண்டி இப்படி அலறுது? பென்ஸுன்னா சத்தமே இருக்காதுன்னு சொன்னாங்களே" என்றார். அவ்வளவுதான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலாவது கியருக்குத் தட்டினேன். வண்டி பூனை மாதிரி இறங்கியது. அத்தனை வேகத்தையும் என் வலது கால்தான் பிடித்துக்கொண்டு வந்தது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், காலை எடுக்காமல்.

காட்டேரி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு கருகல் நாற்றம். முன்னால் போன லாரி என்று நினைத்துக்கொண்டேன் (எப்போதும் முன்னால் போகிற லாரிதான்). பர்லியாறுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இன்னொரு தடவை மிதித்தேன், தரையைத் தொட்டுவிட்டது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அதுவே பயமாக இருந்தது. மூன்று, இரண்டு என்று கியரைக் குறைத்து, எஞ்சின் கதறக் கதற, பார்க்கிங் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மலை ஓரமாக ஒட்டி ஒட்டி வந்து, பர்லியாற்றில் பழக்கடைகளுக்கு முன்னால் ஒருவழியாக நின்றோம். முன்சக்கரம் இரண்டிலும் புகை. ஒரு பையன் நல்ல மனதோடு பக்கெட்டில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தான், ஊற்றவிடவில்லை. கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசல்கூட விடும்.

இதில் மோசமான பகுதி இதற்கு அப்புறம்தான். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை அமுக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கிறது, ஒன்றுமே நடக்காதது போல. "சரியாயிடுச்சு, ஏறுங்க" என்று சொல்லவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர்தான் வந்து பாட்டிலைத் திறந்து பார்த்தார். பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக இருந்தது. "எத்தன வருசமாச்சுங்க மாத்தி?" என்றார். நான் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. ஐந்து வருடம். அதற்கு முன்னால் பங்களாக்காரர் எப்போது மாற்றினாரோ.

விஷயம் என்னவென்றால், பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையில் புது ஆயில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும், ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம், அதனால் பெடல் சும்மா உள்ளே போகும். ஆறினதும் ஆவி மறுபடி எண்ணெயாகிவிடும், பிரேக் திரும்பி வரும். அடுத்த நாலு வளைவில் மறுபடி போகும். "ஒரு தடவை பிரேக் பிடிக்கல, அப்புறம் சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். நம் மலையில் வருடத்தில் பாதி நாள் மழை, பனி, மூடுபனி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள், நான் இப்போது வருடா வருடம் ஜூன் மழைக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன். இது அதிகம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அந்த டிரைவர் போகும்போது சொன்னது: "ஏறுற கியர்லதான் எறங்கணும்." ரோட்டோரம் போர்டே வைத்திருக்கிறார்கள். நான் பதினைந்து வருடம் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே போனவன். அத்தை இரண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், இன்றுவரை பஸ்தான். நான் வண்டியை முதல் கியரிலேயே உருட்டிக் கீழே கொண்டுபோனேன். செய்திருக்கக் கூடாது, தெரியும், திட்ட வேண்டாம்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன், பெயர் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், டிஸ்க், எல்லாமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று தாள் நீட்டினார்கள். வண்டியின் விலையே அவ்வளவுதான் என்றேன். குன்னூர் மெக்கானிக் பாய் பிரித்துப் பார்த்துவிட்டு முன் பேட், நாலு ரப்பர் ஹோஸ், ஆயில் என்று பதினோராயிரத்தில் முடித்தார். ஒன்பது வருடமாக அதே காலிப்பர்தான் ஓடுகிறது. சென்டர்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை, பழைய காருக்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மாற்றத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்கு அந்தப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கார். 2005 என்றால் டபிள்யூ 211, அதில் பிரேக்கே வேறு ஜாதி. எஸ்.பி.சி. என்று ஒன்று, நீங்கள் பெடலை அமுக்குவதைக் கம்ப்யூட்டர் படித்து மின்சார பம்ப் வழியாகப் பிரேக் போடும். 2004-லும் 2005-லும் உலகம் முழுக்கக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிபார்த்த சமாசாரம், 2006-ல் மாடலைப் புதுப்பித்தபோது இதைக் கைவிட்டுப் பழைய முறைக்கே போய்விட்டார்கள். அந்த பம்ப் நீங்கள் எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும், மூன்று லட்சம் சொச்சம் தடவை ஆனதும் என்னை மாற்று என்று டாஷ்போர்டில் சிவப்பு காட்டும். கோவை அவினாசி ரோட்டுச் சமதரையில் ஓடிய காருக்கும் தினமும் மேட்டுப்பாளையம் ஏறி இறங்கிய காருக்கும் கிலோமீட்டர் ஒன்றாக இருக்கலாம், இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது. வாங்குவதற்கு முன்னால் ஸ்கேனர் போட்டு அந்த எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அதே மாடலில் 2007, 2008 கிடைத்தால் அதை எடுப்பேன்.

இன்னொன்று, இந்த பிரேக்கை முதலில் முடக்கிவைக்காமல் தெருமுனை மெக்கானிக்கைப் பேட் மாற்ற விடாதீர்கள். யாராவது கதவைத் திறந்தாலோ சாவியை அழுத்தினாலோ பம்ப் தானாக அழுத்தம் கொடுக்கும், விரல் நசுங்கிவிடும். இறக்கத்தில் கியர் குறைக்க, டி-யில் இருக்கும்போதே லீவரை இடது பக்கம் தட்டினால் ஒவ்வொன்றாக இறங்கும். பலருக்கு இது தெரியாமலே பத்து வருடம் ஓட்டுகிறார்கள். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ஆயில் வாழ்நாளுக்கும் போதும் என்று அந்தக் காலத்தில் சொன்னதை நம்பாமல் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள், மாற்றும்போது கியர் பெட்டியில் ஒயர் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் சின்னது, விலையும் அற்பம், கசிந்தால் ஆயில் ஒயர் வழியாகவே ஏறிக் கம்ப்யூட்டர் வரை போய்விடும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பற்றியும் சொல்ல வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்து அழுத்தம் நிற்பதால்தான் கார் கொதிக்காமல் ஓடுகிறது. அந்த மூடியின் ரப்பர் போய்விட்டால் கோவையில் ஒன்றும் தெரியாது, ஊட்டி சேரிங் கிராஸ் சீசன் நெரிசலில் தெரியும். குழாய்த் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், டிசம்பரில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது காரணம் புரியும். டர்போ இல்லாத என் வண்டி மேலே வந்தால் சோம்பல்படும், ஊட்டியில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அது வண்டியின் குற்றமில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சில்வர் ஓக் இலை அடைத்தால் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கும், வாரம் ஒருமுறை கையை விட்டு அள்ளுங்கள். எலிக்குப் புகையிலை வைப்போம். காட்டெருமைக்கு மருந்தில்லை. என் இடது கதவில் ஒன்று முதுகைத் தேய்த்துவிட்டுப் போன பள்ளம் இருக்கிறது.

இங்கே எங்களைப் போல ஐந்தாறு பேர் இருக்கிறோம், குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பக்கம். கோத்தகிரி அண்ணன் ஒருவர் ஸ்கேனர் வைத்திருக்கிறார், காசு வாங்க மாட்டார், ஆனால் அவர் பேச்சை இரண்டு மணி நேரம் கேட்க வேண்டும். ஸ்பேர் வேண்டுமென்றால் சேர்ந்து ஆர்டர் போட்டு அனுப்புகிற செலவைப் பிரித்துக்கொள்வோம். பழைய சாமானின் மேலேயே நம்பர் இருக்கும், ஏ 211 என்றோ ஏ 124 என்றோ ஆரம்பிக்கும், அதைப் படிக்கப் பழகினால் அதே சாமானைச் செய்து கொடுத்த கம்பெனியின் டப்பாவில் குறைந்த விலைக்கு வாங்கலாம். அது கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள்.

ஆர்.சி. விஷயத்தையும் கணக்கில் வையுங்கள். 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021-ல் நான் 600 கட்டினேன். 2022-ல் அது 5,000 ஆனது, இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. பென்ஸ் வைத்திருந்தால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் உங்கள் கார்தான் கல்யாணக் கார். சித்தப்பா மகன் மாப்பிள்ளை அழைப்புக்கு என்று வாங்கிப் போனான். பூவை நூலில் கட்டு, செலோடேப் ஒட்டாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். திரும்பி வந்தபோது பானெட்டில் கைநீளத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது, டீசல் முள் தரையில், சீட்டுக்கு அடியில் ஒரு முழு தேங்காய். போனில் கேட்டதற்கு, "பழைய வண்டிதானேண்ணா" என்றான். என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அவன் வரவும் இல்லை. இப்போதெல்லாம் யார் கேட்டாலும் வண்டி வொர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கிறது.