தொடக்க எழுத்தறிவில் பாடசாலையும் குடும்பமும் கைகோர்ப்பது என்றால் என்ன?

பிள்ளை வாசிக்கவும் எழுதவும் பழகும் காலத்தில், அது எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியரும் வீட்டாரும் ஒருவருக்கொருவர் சொல்லி, சேர்ந்து உதவுவதே இது.

தரம் 1இற்கு வரும் 5 வயதுப் பிள்ளை, காதால் கேட்டுப் பழகிய சொற்களையே எழுத்திலும் எளிதாக அடையாளம் காண்கிறது. அச்சொற்களோ பெரும்பாலும் வீட்டில்தான் சேர்கின்றன. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் துருசை (மதகை) திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வயலுக்குத் தண்ணீர் எட்டாது. வீட்டின் துணை இல்லாவிட்டால் வகுப்பறைப் பாடமும் அவ்வாறே. போராலும் இடப்பெயர்வாலும் படிப்பை இழந்த பெற்றோர் பலர் வாழும் வன்னியில், வீட்டுப்பாடம் அனுப்புவதைவிட, அம்மம்மா சொன்ன கதையை வகுப்பில் பிள்ளையைச் சொல்லவைத்து, ஆசிரியர் அதை எழுதி வாசிக்கக் கொடுப்பதே மேலானது என்பேன்.

எழுத்தறியாத பெற்றோரால் உதவ முடியாது என்பது தவறான எண்ணம். கதை சொல்வதும், பிள்ளை வாசிக்கையில் அருகிலிருந்து கேட்டு அதைப் பற்றி உரையாடுவதும் வாசிப்புக்கு நேரடியான உதவியே.