19வது நாள் ஊருக்கு வந்துட்ட தம்பி

கேள்வி: சார் வணக்கம். நாங்க குடியாத்தம் பக்கம். நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனில அப்பர் தைக்கிறேன், அம்மா பீடி சுத்தறாங்க, நைனா தவறி நாலு வருஷம் ஆவுது. தம்பிக்கு 18 வயசு, 6 அடி 3 அங்குலம், ஸ்கூல்ல பேஸ்கட்பால் நல்லா ஆடுவான், அதை வச்சு சென்னைல ஒரு காலேஜ்ல ஹாஸ்டலோட ஃப்ரீ சீட் கெடச்சுது. போன 19வது நாள் யாருகிட்டயும் சொல்லாம கெளம்பி வந்துட்டான். ராத்திரி ரெண்டு மணிக்கு காட்பாடில எறங்கி, வீட்டுக்கு வர வெக்கப்பட்டுக்கினு விடியற வரைக்கும் பிளாட்பாரத்துலயே உக்காந்து இருந்தானாம். ஏன்டா வந்தேன்னு கேட்டா பதிலே இல்ல. இப்ப வாட்டர் கேன் வண்டில லோடு ஏத்தப் போறான். தெருவுல "பந்து ஆடப் போனவன் கேன் தூக்கறான்"னு சிரிக்கிறாங்க. காலைல அஞ்சரைக்கு ஸ்கூல் கிரவுண்டுல தனியா பந்து போடுவான், யாராவது அந்தப் பக்கம் வந்தா ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சிக்குவான். கால்ல போட்டிருக்கறது செருப்பு சார். மாமா அவனை அடிச்சி இழுத்துனு போய் அதே காலேஜ்ல விடலாம்னு சொல்றாரு. இவ்ளோ கூச்சப்படற பையன் பெரிய பிளேயரா வர முடியுமா? இல்ல இதோட விட்டுடலாமா?
(ஒரு அக்கா, குடியாத்தம்)

பதில்: தங்கச்சி, மொதல்ல மாமாகிட்ட சொல்லிடுங்க, அடிக்கற வேலை வாணாம். அந்தப் பையன் அடிச்சா வாங்கிக்குவான், திருப்பி ஒரு வார்த்த பேச மாட்டான், நாளைக்கு காலேஜ் கேட்டுல விட்டா நாளன்னைக்கு மறுபடியும் வண்டி ஏறிடுவான், இந்த தடவை காட்பாடிலகூட எறங்க மாட்டான். அது இன்னும் பேஜாரு.

உங்க லெட்டர்ல 19 நாள்னு படிச்சதும் எனக்கு வேற ஒரு கணக்கு ஞாபகம் வந்துச்சு, 24 நாள். அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஃபிரெஞ்ச் லிக்னு ஒரு ஊரு, மொத்த ஜனமே ரெண்டாயிரம் பேர் சுமார்தான். 1956ல பொறந்து அங்க வளந்தவரு லாரி பேர்ட், பேஸ்கட்பால் பிளேயர். வீட்ல ஆறு புள்ளைங்க, கையில காசில்ல, அம்மா ரெண்டு வேலை பாத்து வளத்தாங்க. பையன் ஆளுங்களைப் பாத்தா ஒதுங்கிப் போற ரகம், ஆனா ஸ்கூல் முடிக்கறதுக்குள்ள அவன் ஆட்டத்தைப் பத்தி மாநிலமே பேசுது. 1974ல ப்ளூமிங்டன்ல இருக்கற பெரிய யுனிவர்சிட்டில ஸ்காலர்ஷிப்போட எடம் கெடச்சுது, கோச் பாப் நைட், கோவக்கார மனுஷன்னு ஊரறிஞ்சவரு. அங்க ஸ்டூடண்ட்ஸ் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல. 24வது நாள் பையன் துணிய எடுத்துக்கினு ரோட்டுக்கு வந்து லிஃப்ட் கேட்டு ஊருக்குத் திரும்பிட்டான். ஒரு மேட்ச் கூட ஆடல. ரூம்ல கூட இருந்த பையனுக்கு இருந்த துணிமணி நமக்கு இல்லன்னு ஒரு கூச்சம், செலவுக்கு காசில்ல, அவ்ளோ பெரிய எடத்துல யார்கிட்ட இன்னா கேக்கறதுன்னு தெரியல, அவ்ளோதான் காரணம். இதுல எதை அந்தப் பையன் வீட்ல வாய்விட்டு சொல்லியிருப்பான் சொல்லுங்க? "துணி இல்லம்மா அதான் வந்துட்டேன்"னு 18 வயசுல எவனாவது சொல்லுவானா?

ஊருக்கு வந்து அந்த ஊர் ஆபீஸ்லயே வேலைக்கு சேந்துட்டாரு, நம்ம முனிசிபாலிட்டி வேலைன்னு வச்சுக்கோங்க, புல்லு வெட்டறது, ரோடு போடறது, வாரத்துல ஒரு நாள் குப்பை வண்டில போய் குப்பை அள்றது. அங்கயும் சிரிச்சிருப்பாங்க, சிரிக்காம இருக்கறதுக்கு எந்த ஊர் தெருவும் ஒண்ணும் கோயில் இல்லயே. ஆனா அந்த வேலை எனக்குப் புடிச்சிருந்துச்சுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. 1975 ஆரம்பத்துல அவங்க அப்பாவும் போயிட்டாரு. வேலைக்குப் போய்க்கினே லோக்கல் டீம்ல பந்து ஆடறதை மட்டும் விடல. அப்புறம் டெரெ ஹோட்ன்ற ஊர்ல இருக்கற இண்டியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி கோச்சுங்க ஃபிரெஞ்ச் லிக்குக்கே தேடி வந்து பேசிப் பேசி 1975ல கூட்டிக்கினு போனாங்க. மொத யுனிவர்சிட்டி அளவுக்கு அதுக்குப் பேரும் இல்ல, பெருசும் இல்ல. காலேஜ் மாறினதால ஒரு வருஷம் ஆட விடாம உக்கார வச்சாங்க, அதையும் உக்காந்தாரு. கடைசி வருஷம், 1978-79 சீசன்ல, அந்த டீம் தொடர்ந்து 33 மேட்ச் ஜெயிச்சு ஃபைனல் வரைக்கும் போச்சு. ஃபைனல்ல மேஜிக் ஜான்சன் இருந்த மிச்சிகன் ஸ்டேட்கிட்ட 75-64ன்னு தோத்தாங்க, அது வேற கதை. அதுக்கப்புறம் அமெரிக்காவோட பெரிய பேஸ்கட்பால் லீகான என்.பி.ஏ.வுல, பாஸ்டன் செல்டிக்ஸ்ன்ற டீம்ல 13 சீசன், மூணு சாம்பியன்ஷிப், 1984, 85, 86ன்னு வரிசையா மூணு வருஷம் லீகோட சிறந்த வீரர். கூச்சம் இன்னா ஆச்சுன்னு கேக்கறீங்களா, 1986ல தூரத்துலேர்ந்து பந்து போடற மூணு பாயிண்ட் ஷூட்டிங் போட்டிக்கு முன்னாடி டிரெஸ்ஸிங் ரூம்ல நுழைஞ்சு, உங்கள்ல யாருப்பா ரெண்டாவது வரப் போறீங்கன்னு மத்தவங்களைக் கேட்டதா சொல்லுவாங்க. ஜெயிச்சதும் அவருதான். கூச்சக்காரன் வாய் தொறக்கறது அவனுக்கு கை வந்த எடத்துல மட்டும்தான், நான் பாத்த வரைக்கும் அப்படித்தான்.

இதை உங்க தம்பியும் பேர்ட் ஆயிடுவான்னு ஆசை காட்ட சொல்லல. குப்பை வண்டில போனவங்கல்லாம் சாம்பியன் ஆனதில்ல. 24வது நாளுக்கும் செல்டிக்ஸுக்கும் நடுவுல நடந்ததைப் பாருங்க, பந்தை விடல, ஒருத்தர் தேடி வந்தாரு, ரெண்டாவது தடவை போன எடம் அவரு மூச்சு விடற அளவுக்கு சின்னதா இருந்துச்சு. உங்க தம்பி மொத விஷயத்தை தானா பண்ணிக்கினு இருக்கான். நாள் முழுக்க 20 லிட்டர் கேன் தூக்கப் போறவன் அஞ்சரைக்கு எழுந்து கிரவுண்டுக்குப் போறான்னா அவன் விட்டுட்டு வந்தது காலேஜைத்தான், பந்தை இல்ல. மீதி ரெண்டும் அவன் கையில இல்ல.

இங்க என் தப்பு ஒண்ணை சொல்லணும். நான் பி.டி. வாத்தியாரா இருந்தப்ப வேலூர் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல இதே மாதிரி ஒரு பையன், உயரம், நல்ல கை, பேச்சே கெடயாது. சென்னை நேரு ஸ்டேடியத்துல செலக்‌ஷன், சென்ட்ரல்ல எறங்கினா நடக்கற தூரம்தான், வழிச் செலவுக்கு காசு குடுத்து அட்ரஸ் எழுதிக் குடுத்து "ஆம்பளப் புள்ளதானே, போய்ட்டு வா"ன்னு தனியா அனுப்பிட்டேன். சாயங்காலம் வந்து செலக்ட் ஆவல சார்னான், நானும் நம்பிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, கேட்டு வரைக்கும் போயிருக்கான், உள்ள மத்த பசங்க ஷூவு, கிட் பேக்கு, கூட அவங்க அப்பான்னு நிக்கறதைப் பாத்துட்டு அப்படியே திரும்பி சென்ட்ரல் வந்து வண்டி ஏறிட்டான். பந்தையே தொடல. அன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டு நான் கூட போயிருக்கணும், போகல. அதுக்கப்புறம் எந்தப் பையனையும் நான் தனியா அனுப்பினதில்ல, ஆனா அந்தப் பையனுக்கு அதால ஒண்ணும் ஆவல.

நம்ம ஊர்ல வெயிட்லிஃப்டிங்கைப் பாருங்க. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல தங்கம் எடுத்தாருன்னா, அவங்க அப்பாவே வெயிட்லிஃப்டர். அந்த ஏரியாவுல ஒரு பையன் ஜிம்முக்குள்ள நுழையணும்னா கையப் புடிச்சு கூட்டிக்கினு போக ஒரு அண்ணனோ மாமாவோ இருப்பாங்க. பேஸ்கட்பாலுக்கு குடியாத்தத்துல உங்க தம்பிக்கு அப்படி யாரு இருக்காங்க? உங்களை விட்டா யாரும் இல்ல. மாமாவுக்கு இழுத்துனு போற அளவுக்கு தெம்பு இருக்குதுன்னா அந்தத் தெம்போட பக்கத்துல நடந்து போகச் சொல்லுங்க.

ஏன் வந்தேன்னு நேரா உக்கார வச்சு கேக்காதீங்க. கேன் வண்டி கழுவறப்பவோ, அம்மா சுத்தின பீடிய கட்டு போடறப்பவோ பக்கத்துல வேலை பாத்துக்கினே, மூஞ்சியப் பாக்காம, சின்னதா ஒண்ணு கேளுங்க. "அங்க மெஸ்ல இன்னாடா போடுவாங்க?" இதுபோதும். சாப்பாட்டுல ஆரம்பிச்சா மெதுவா ரூமு, சீனியருங்க, இங்கிலீஷ், ஷூன்னு ஒவ்வொண்ணா வரும். யாராவது ராகிங் பண்ணாங்க, கை வச்சாங்கன்னு சொன்னா அது கூச்சக் கணக்கு இல்ல, அதை எழுத்துல புகார் குடுத்தாவணும், அதுல மட்டும் அமைதியா இருக்காதீங்க.

அதே காலேஜுக்கு திரும்ப அனுப்ப வாணாம்ன்றது என் அபிப்பிராயம். ஆனா ஒரு தடவை நீங்களும் அவனுமா போய்ட்டு வந்தாவணும், ஏன்னா அவன் ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எல்லாம் அங்கதான் இருக்கும், யாருகிட்டயும் சொல்லாம வந்தவன் அதை வாங்கிக்கினா வந்திருப்பான்? போய் கோச்சைப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்கிட்டு வந்துடுங்க. இந்த வருஷம் போனா போவட்டும், அடுத்த வருஷம் பக்கத்துலயே சேருங்க. குடியாத்தத்துலயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்குது, வேலூர்ல முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, ஊரீசு காலேஜ் இருக்குது, எல்லாம் திருவள்ளுவர் யுனிவர்சிட்டிக்கு கீழதான் வருது. சின்ன காலேஜ்ல ஆடினா எவன் பாப்பான்னு மாமா கேப்பாரு. காலேஜுங்களுக்குள்ள நடக்கற மேட்ச்லதான் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பாங்க, அந்த டீம்தான் தெற்குப் பக்க யுனிவர்சிட்டிங்களுக்குள்ள நடக்கற சவுத் ஸோன் இன்டர் யுனிவர்சிட்டி போட்டிக்குப் போவும், அங்க சென்னைப் பசங்களோட இவன் நேருக்கு நேரா ஆடலாம், ராத்திரி தூங்கறதுக்கு வீடு பக்கத்துல இருக்கற தைரியத்தோட. சென்னை காலேஜ்ல பெஞ்சுல உக்காந்து மூணு வருஷம் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறதை விட இங்க 40 நிமிஷமும் கிரவுண்டுல நிக்கறது மேல்.

சோறு போடுமான்னு நீங்க கேக்கல, ஆனா அம்மா கேப்பாங்க. அமெரிக்கா லீகைப் பத்தி கனவு வாணாம், பஞ்சாப் பையன் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம், அந்த லீக் டீமுங்க வருஷா வருஷம் புது ஆளுங்களை வரிசையா எடுப்பாங்க, அதுல 2015ல டல்லாஸ் டீம் அவரை 52வது ஆளா எடுத்துச்சு, இந்தியாவுல பொறந்து அந்த லிஸ்ட்ல வந்த மொத ஆளு, அவருக்கே அங்க ஒரு லீக் மேட்ச் ஆட கெடைக்கல. நம்ம பக்கம் இந்த ஆட்டம் சோறு போடறது வேலை வழியா. ரயில் பெட்டி செய்யற ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், போலீஸ்னு டீம் வச்சிருக்கறவங்க ஆடற பசங்களை வேலைக்கு எடுக்கறாங்க. இந்தியா பொம்பளைங்க டீம் கேப்டனா இருந்த அனிதா பால்துரை, 2021ல பத்மஸ்ரீ வாங்கினவங்க, அவங்க வேலையும் ரயில்வேதான். தமிழ்நாடு அரசு வேலைல விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்குது. இன்டர் யுனிவர்சிட்டி ஆடினா ஃபார்ம் 3 சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அதை வாங்கி பத்திரமா ஃபைல்ல வைங்க, தயவு செஞ்சு லாமினேஷன் போட்டுடாதீங்க, வெரிஃபிகேஷன்ல அதுக்கு ஒரு தடவை அலைய விட்டதை நானே பாத்திருக்கேன்.

இந்த ஒரு வருஷம் கேன் வண்டிக்கு போவட்டும், தப்பே இல்ல. ஆனா காலைல போடற பந்துக்கு ஒரு கணக்கு வைங்க. ஃப்ரீ த்ரோ லைன்லேர்ந்து, அதான் யாரும் தடுக்காம நின்னு பந்து போடற கோட்டுலேர்ந்து, தினம் 100, எத்தன உள்ள போச்சுன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதணும். பேர்ட் ஸ்கூல் படிக்கறப்பவே மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி போய் இதைத்தான் போட்டுக்கினு இருந்தாரு. கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல பிராக்டிஸ் இல்ல, யாரும் எதிர்ல நிக்க மாட்டாங்க, ரிங்கு எப்பவும் 10 அடிதான், லைன் எப்பவும் அதே தூரம்தான், எவன் சிரிச்சாலும் மாறாது. கிரவுண்டுல லைன் அழிஞ்சு போயிருக்கும், சுண்ணாம்பு எடுத்துக்கினு போய் போர்டுலேர்ந்து 15 அடி அளந்து கோடு போட்டுக்கச் சொல்லுங்க. மே மாசத்துல எட்டு மணிக்கு மேல நம்ம ஊர் சிமெண்ட் தரைல நிக்கவே முடியாது, அதனால அஞ்சரை சரியான டைம்தான். பந்து தேஞ்சு மொட்டையா வழவழன்னு போயிருந்தா மாத்திடுங்க, அதுல பழகினா வெரல் புடிமானமே கெட்டுப் போவும். ஆம்பளைங்க பந்து சைஸ் 7, கடைல கேட்டு வாங்குங்க.

அப்புறம் அந்த ஷூ. ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற அக்காவோட தம்பி செருப்புல ஆடறான், படிக்கறப்ப இதுலதான் எனக்கு மனசு நின்னுடுச்சு. ஆம்பூர்ல எக்ஸ்போர்ட்ல மிஞ்சின லெதர் ஷூ கெடைக்கும், ஆனா அது இதுக்கு ஆவாது, வழுக்கி கணுக்கால் சுளுக்கிக்கும். அவன் உயரத்துக்கு கால் சைஸ் 11, 12 இருக்கும், நம்ம ஊர் கடைல கெடைக்கறது கஷ்டம், ஆன்லைன்லதான் பாக்கணும், தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்குங்க, கொஞ்சம் லேட் ஆனாலும் பரவால்ல. கிரீஸ்ல யானிஸ்னு ஒரு பேஸ்கட்பால் பிளேயரு, தெருவுல கண்ணாடி, வாட்சு வித்து வளந்தவரு, அண்ணனும் அவரும் ஒரே ஜோடி ஷூவை மாத்தி மாத்திப் போட்டுக்கினு ஆடியிருக்காங்க, 2021ல அமெரிக்கால சாம்பியன் ஆனாரு. உங்க தம்பிக்கு மாத்திப் போட அண்ணன் இல்ல, அந்த சைஸ்ல உங்களுதும் இருக்காது.

ஞாயித்துக்கெழம உங்களுக்கு லீவுதானே, ஒரு நாள் காலைல நீங்களும் எழுந்து கூட போங்க. ஒண்ணும் பேச வாணாம், ரிங்குக்கு கீழ நின்னு விழற பந்தை எடுத்து அவன் நெஞ்சு உயரத்துக்கு திருப்பிப் போடுங்க, அவன் பந்துக்கு ஓடற நேரம் மிச்சமாவும், எத்தன உள்ள போச்சுன்னு எண்ணிக்கினே இருங்க. மொத ரெண்டு நாள் உங்களைப் பாத்ததும் லேஸ் கட்டற மாதிரி குனிவான். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோங்க, தானா நிமிருவான்.